மலைக்குப் பல் முளைத்த நாள்

சும்மா ஒரு சுற்றுலா என்று சொல்லித்தான் வேனில் ஏற்றினார்கள். மலை, குளிர்காற்று, குழந்தைக்கு ஒரு மாறுதல் என்று முதலாளி அடுக்கியபோது வீட்டின் இளைய மருமகள் சின்னவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடத்தில் "உடம்புக்கு என்ன" என்றுகூடக் கேட்டிராத மனுஷருக்குத் திடீரென்று பாசம் பொங்கினால் யாருக்கும் சந்தேகம் வர வேண்டும். அவளுக்கு வரவில்லை. பாவம், சந்தோஷமாக உட்கார்ந்து துணி மடித்து வைத்தாள்.

முதலாளி என்றால் வேறு யாருமில்லை, அவள் கணவனின் அண்ணன்தான். வீட்டு மாடியில் பல் செட் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே வேலை செய்கிறவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயர் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அதை மெழுகில் வடித்து, பல் பதித்து, செட்டாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். வடிப்பதும் பதிப்பதும் சின்னவளின் கை. வேனில் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் கணவன். முதலாளியின் மனைவி, சின்னவளின் ஓரகத்தி, கீழே உட்கார்ந்து போன் பேசுவாள். மாடி வாடை தலைவலி தருகிறதென்று அவள் படியேறியதே கிடையாது. முதலாளிக்கு வேலை, டாக்டர்களைப் பார்த்துச் சிரிப்பது.

நேற்று சாயங்காலம் விடுதி வாசலில், மகளின் ஸ்வெட்டரைத் தேடி வேனின் பின்கதவைத் திறந்தாள் சின்னவள். சாமான்களுக்கு அடியில் ஒரு புது டிரங்குப் பெட்டி. திறந்து பார்த்தால் உள்ளே மகளின் அளவுக்குத் தைத்த பள்ளிச் சீருடை, கம்பளி, படுக்கை விரிப்பு. ஹாஸ்டல் சாமான்.

"நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் ஓரகத்தி, மின்சார பில் கட்டப் போவது போன்ற குரலில். "நல்ல ஸ்கூல். இந்த மாதிரி இடம் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்."

முதலாளி இன்னும் வெளிப்படையாகப் பேசினார். "புள்ளை காலைச் சுத்திக்கிட்டே இருந்தா நீ எப்படி வேலை பார்ப்பே? இங்க விட்டா அவளுக்குப் படிப்பு. நமக்கும் தினம் இன்னும் நாலு செட்டு கூட முடியும்."

சின்னவள் கணவனைப் பார்த்தாள். அவன் வேனின் டயரைப் பார்த்தான். டயரில் காற்றுச் சரியாகத்தான் இருந்தது.

இதற்கெல்லாம் ஆரம்பம் ஒரு முதலை. போன மாதம் ஒரு டாக்டருக்குப் போக வேண்டிய மெழுகு செட்டைச் சின்னவளின் மகள் எடுத்து, கூடக் கொஞ்சம் மெழுகை அப்பி, வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் முதலை ஒன்றைச் செய்துவிட்டாள். முதலை பிரமாதமாக இருந்தது. அந்த டாக்டரின் ஆர்டர் போயே போய்விட்டது. அன்றைக்கு முதலாளி அவளை நிற்க வைத்துச் சட்டம் போட்டார். மேஜை மேல் இருக்கும் எதையும் தொடக் கூடாது. உடைந்த பல், உபயோகமில்லாத செட், வழித்துப் போட்ட மெழுகு எல்லாம் பட்டறையின் சிவப்பு பிளாஸ்டிக் மக்கில் போடப்படும். அது மட்டும் அவளுக்கு.

ஆறு வயதுப் பெண் அந்தச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினாள். துண்டு துணுக்கெல்லாம் பொறுக்கிச் சேர்க்கிறாளென்று பட்டறையில் அவளுக்குத் துணுக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்படி அவள் சட்டத்தைக் காப்பாற்றியதுதான் இந்தக் காலையின் வம்பு.

சின்னவள் கண் விழித்தபோது பக்கத்தில் மகள் இல்லை. ஹாஸ்டல் நினைப்போடுதான் படுத்திருந்தாள். பதறி எழுந்து உட்கார்ந்தால், துணுக்கு ஜன்னலோரம் நாற்காலியில் முட்டி போட்டு நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மலை. ஜன்னல் கட்டை மேல் இன்னொரு மலை.

பட்டறையிலிருந்து பையில் கொண்டுவந்த ரோஸ் நிற மெழுகில், வெளியே தெரிந்த அதே மலை. இடது பக்கச் சரிவும் உச்சியின் நெளிசலும் அப்படியே வந்திருந்தன. ஆனால் இந்த மலை சிரித்தது. உதடு பிரிந்து, பல் வரிசை முழுதும் தெரிய, யாரோ நல்ல கதை சொன்ன மாதிரி வாய்விட்டுச் சிரித்தது.

சின்னவள் கிட்டே போய்க் குனிந்தாள். உதட்டோரம் எவ்வளவு கஷ்டமென்று மெழுகில் கை வைத்தவர்களுக்குத்தான் தெரியும். சிரிக்கும்போது அது மேலே மட்டும் போகாது, கொஞ்சம் உள்ளேயும் மடங்கும். அது கைக்குப் பிடிபட அவளுக்கே வருடக்கணக்காயிற்று. இந்தக் கழுதை ஒரு ஐஸ்கிரீம் குச்சியை வைத்துக்கொண்டு அதைச் செய்து முடித்திருக்கிறது. பெருமையில் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய்ப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"மலைம்மா. நேத்து வர்றப்போ பார்த்தேன்ல, அது சிரிக்கப் போற மாதிரியே இருந்துச்சு. பல்லுதான் இல்ல. அதான் குடுத்தேன்."

"பல்லு ஏதுடி உனக்கு?"

"சிவப்பு மக்குல இருந்துச்சு."

துணுக்கு குளியலறைப் பக்கம் கை காட்டினாள். அவர்கள் எடுத்திருந்தது இரண்டு அறை, நடுவே பொதுவாக ஒரு குளியலறை. அங்கே விடுதிக்காரர்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் மக்கு நல்ல சிவப்பு. சின்னவளுக்குப் பெருமையெல்லாம் சர்ரென்று இறங்கியது.

இந்த இடத்தில் ஒரு குடும்ப ரகசியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். டாக்டர்களிடம் "பல்லுன்னா இப்படி இருக்கணும் சார்" என்று தன் வாயைத் திறந்து காட்டி ஆர்டர் பிடிக்கிற முதலாளிக்கு, மேல் வரிசையில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. வாலிபத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் எல்லாம் போய்விட்டது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுவார், காலையில் முதல் வேலையாக மாட்டிக்கொள்வார். வீட்டில் அதற்கென்று மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணம் உண்டு. நேற்று கிண்ணத்தை எடுத்து வைக்க ஓரகத்தி மறந்துவிட்டாள். டிரங்குப் பெட்டியை மறைத்து வைக்கிற மும்முரத்தில் கிண்ணமெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?

குளியலறையில் மக்கு உருளும் சத்தம் கேட்டது. பிறகு முதலாளியின் குரல். குரல் என்றும் சொல்ல முடியாது. காற்றுப் போன பந்தை மிதித்தது போல ஒன்று.

அடுத்த நிமிடம் ஓரகத்தி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால், குளியலறைக் கதவிடுக்கில், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு முதலாளியின் பாதி முகம். ஓரகத்தியின் கண் சுற்றிச் சுழன்று ஜன்னலில் போய் நின்றது. தன் புருஷனின் பல் ஒரு மலையின் வாயில் இருந்து சிரிப்பதைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் கோபம் வராது?

"அடிப் பாவி" என்றாள். துணுக்கைச் சொன்னாளா, அவள் அம்மாவைச் சொன்னாளா என்பது தெரியவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாகவே வைத்துக்கொள்ளலாம்.

"அது சிவப்பு மக்குல இருந்துச்சு பெரியம்மா. பெரியப்பாதானே எடுத்துக்கச் சொன்னாங்க" என்றாள் துணுக்கு.

"வாயை மூடு."

"அக்கா, அவ தெரியாம எடுத்துட்டா. குடுங்க, நான் சுத்தம் பண்ணித் தர்றேன்" என்று சின்னவள் கையை நீட்டினாள். "வெதுவெதுன்னு தண்ணி வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா சுரண்டணும். ஒரு அரை மணி நேரம்."

ஓரகத்தி மலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தொடாதே. உன் கையில குடுத்தா நீ சாயங்காலம் வரைக்கும் சுரண்டுவே. எனக்குத் தெரியாதா? அவர் அந்த ஸ்கூலுக்குப் போகக் கூடாதுன்னு தாயும் மகளும் ராத்திரியே பேசி வெச்சுக்கிட்டுச் செஞ்ச வேலைதானே இது?"

"ஆறு வயசுப் புள்ளைக்கு என்னக்கா தெரியும்?"

"வயசுதான் ஆறு. நெஞ்சழுத்தம் அறுபது வயசுக்கு இருக்கு. அப்படியே அம்மாவைக் கொண்டு பொறந்திருக்கு. இன்னிக்கு இதைக் கொண்டுபோய் அங்க தள்ளிட்டு வந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

குழந்தையை வைத்துக்கொண்டே சொன்னாள். தள்ளிவிட்டு வருவதாம். குப்பைக் கூடையைச் சொல்வது போல.

ஓரகத்தி அறையிலிருந்த மின்சாரக் கெட்டிலில் தண்ணீரை ஊற்றி சுவிட்சைத் தட்டினாள். மேஜை மேல் ஒரு பாத்திரத்தை வைத்து, அதில் மலையைப் படுக்கவைத்தாள். பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. என்னதான் எதிரியென்றாலும் தொழில் தெரிந்தவள் பக்கத்தில் நிற்கிறாளே.

"கொதிக்கிற தண்ணி ஊத்தினா மெழுகு உருகிடும்ல?"

சின்னவள் வாயைத் திறந்தாள்.

கொதி தண்ணீரில் மெழுகு உருகும். கூடவே, அண்ணத்தில் ஒட்டி உட்காருகிற அந்தத் தகடும் நெளிந்துபோகும். ஒரு மயிரிழை நெளிந்தாலும் போதும், அந்தச் செட்டு பிறகு எந்த வாயிலும் நிற்காது. பட்டறையிலிருந்து போகிற ஒவ்வொரு செட்டோடும் சொல்லி அனுப்புகிற முதல் எச்சரிக்கை அதுதான். படியேறி வந்திருந்தால் ஓரகத்திக்கும் தெரிந்திருக்கும்.

"உருகிடும்க்கா" என்றாள் சின்னவள்.

"நல்லாக் கொதிக்கட்டுமா?"

"கொதிச்சா சீக்கிரம் உருகும்."

இரண்டுமே உண்மை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னாள். ஆனால் அதைச் சொன்னபோது அவள் நெஞ்சுக்குள் ஓடிய குரூரமான சந்தோஷத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. எட்டு வருடம் வாயைத் திறக்காமல் குனிந்தே வேலை செய்தவள். இன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்த மௌனம் அவளுக்கு இனித்தது.

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. ஓரகத்தி அதைத் தூக்கி மலை மேல் கவிழ்த்தாள். முதலில் உச்சி சாய்ந்தது. பிறகு சரிவு வழுக்கியது. உதடு இரண்டும் கரைந்து ரோஸ் நிற எண்ணெயாக மிதந்தன.

"அம்மா" என்றாள் துணுக்கு. கட்டில் ஓரத்தில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சும்மா இருடி" என்றாள் சின்னவள். அவள் கண் பாத்திரத்தை விட்டு அசையவில்லை.

ஓரகத்தி பல்லைக் கரண்டியால் எடுத்து, துடைத்து, ஒரு வெற்றிப் பார்வை பார்த்துவிட்டுக் குளியலறைக்குக் கொண்டுபோனாள். பிறகு டக் என்று ஒன்று விழுந்தது. மறுபடி டக். மூன்றாவது டக் கேட்டதும் முதலாளி வெளியே வந்தார். கையில் செட்டு. அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில்காரர், ஒரு பார்வை போதும்.

மனைவியைப் பார்க்கவில்லை. நேராகச் சின்னவளைப் பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து கொழகொழவென்று ஏதோ சொன்னார்.

"நீ பார்த்துக்கிட்டுத்தான் நின்னியான்னு கேக்கறார்" என்று ஓரகத்தி எடுத்துச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு விஷயம் புரிந்து முகம் வெளுத்தது.

"அக்கா என்னைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க மாமா" என்றாள் சின்னவள் பணிவாக. "பெரியவங்க சொல்லும்போது நான் எப்படி மீற முடியும்?"

"தெரிஞ்சுக்கிட்டே என் கையாலேயே ஊத்த வெச்சியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொன்னேன். பெட்டி வாங்கினப்போ, சீருடை தைச்சப்போ, நீங்க என்கிட்ட ஒண்ணும் கேக்கலையேக்கா."

அறை வாசலில் அவள் கணவன் வந்து நின்றான். வேனைத் துடைத்துவிட்டு வந்த ஈரக் கையோடு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். முதலாளி அவனைக் கையசைத்துக் கூப்பிட்டார். இருவரும் குளியலறைக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

என்ன பேசினால் என்ன? பல்லில்லாமல் அவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்க மாட்டார். எதிரில் யார் இருந்தாலும் சிரித்துத்தான் பேச ஆரம்பிக்கிற மனுஷர், பொக்கை வாயோடு போவதற்குப் பதில் உயிரை விடுவார். சின்னவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. குழந்தை இன்னும் எதுவும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. கீழே போய்ப் பாலும் ரொட்டியும் வாங்கி வரலாமென்று படியிறங்கினாள்.

விடுதிச் சமையலறையில் பால் காய்ந்துகொண்டிருந்தது. "சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போடுங்க, புள்ளைக்கு" என்று சமையல்காரரிடம் சிரித்துப் பேசினாள். அவள் அப்படிச் சிரித்துப் பேசி எத்தனை நாளாயிற்றோ.

பால் டம்ளரோடு மேலே வந்தாள். கட்டில் காலி. ஜன்னலோரம் நாற்காலி காலி. ஜன்னல் வழியே கீழே பார்த்தால், வேன் நின்ற இடமும் காலி.

ஓரகத்தி கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தவில்லை.

"போயாச்சு. கையெழுத்துப் போட அப்பன் போதும். அதுக்குப் பல்லு எதுக்கு?"

"அவர் போக மாட்டார்" என்றாள் சின்னவள். வாய் சொன்னதே தவிர மனசு ஒப்பவில்லை.

"அண்ணன் சொல்லி அவன் எதையாவது மாட்டேன்னு சொல்லியிருக்கானா? நீயே சொல்லு. கல்யாணமே அண்ணன் சொன்னதுக்காகத்தானே பண்ணிக்கிட்டான்."

சின்னவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதிப் பால் கொட்டியது. துடைக்க நிற்கவில்லை.

பள்ளிக்கூடம் எங்கே என்று விடுதி வாசலில் கேட்டாள். மேலே, அந்த மஞ்சள் கட்டடம் என்றார்கள். ரோடு வளைந்து வளைந்து ஏறியது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடினாள், நடந்தாள், மறுபடி ஓடினாள். வழியெல்லாம் கணவனைத் திட்டிக்கொண்டே போனாள். தலையாட்டி பொம்மைக்குக்கூட ஒரு பக்கம் ஆட்டினால் மறுபக்கம் ஆடத் தெரியும், இவருக்கு ஒரே பக்கம்தான். முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பட்டறை மெழுகை வைத்துத்தான் பெற்றார்கள் போலிருக்கிறது. திட்டத் திட்டக் கண்ணீர் வந்தது. கண்ணீர் வர வர இன்னும் திட்டினாள்.

பள்ளி அலுவலகத்தில் நிர்வாகி எழுந்து நின்று வரவேற்றார். வெளுத்த தலை, கம்பளிக் கோட்டு, பெரிய மனுஷத் தோரணை.

"நீங்கதான் அம்மாவா? உட்காருங்க. வருஷ நடுவுல நாங்க யாரையும் சேர்க்கிறதே கிடையாது. உங்க வீட்டுக்காரரோட அண்ணனுக்காகத்தான் ஒத்துக்கிட்டோம். எங்களுக்கு ரொம்ப வேண்டியவர்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சின்னவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள்.

மேல் வரிசையில் கோரைப் பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. எல்லாம் ஒரே நேராக இருந்தால் கட்டின பல்லென்று காட்டிக்கொடுத்துவிடுமே என்று அவளே யோசித்து, அவளே திருப்பி வைத்த பல். "இவர் நமக்கு வேண்டியவர், பார்த்துக் கட்டு" என்று முதலாளி கொண்டுவந்து வைத்த அளவு. திருப்தி வராமல் கலைத்துக் கலைத்துக் கட்டினாள். நல்ல வேலை என்று அன்றைக்கு முதலாளி பாராட்டக்கூடச் செய்தார். எதற்குப் பாராட்டினார் என்பது இப்போதுதான் தெரிகிறது. மகளை இங்கே கொண்டுவந்து விடுவதற்கான வழியை அவள் தன் கையாலேயே செதுக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"கீழ் வரிசை அழுத்தாம இருக்கா சார்?" என்று கேட்டாள்.

நிர்வாகியின் வாய் டப்பென்று மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் பேப்பர் வெயிட்டை நகர்த்தினார். பிறகு வாயை அதிகம் திறக்காமல், "குழந்தை கைவேலை அறையில இருக்கு. பின்பக்கம். உங்க வீட்டுக்காரரும் அங்கதான்" என்றார்.

கைவேலை அறை வராந்தாவின் கடைசியில் இருந்தது. வாசலுக்கு வெளியே பெஞ்சில் அவள் கணவன். காலடியில் டிரங்குப் பெட்டி. மடியில் சேர்க்கைப் படிவம். கையில் திறந்த பேனா.

"போட்டாச்சா?" என்றாள். மூச்சு வாங்கியது.

"இல்ல."

"ஏன், மை தீர்ந்துபோச்சா? அண்ணன்கிட்ட போய் வாங்கிட்டு வரட்டுமா?"

அவன் எழுந்தான். அடி வாங்கத் தயாரானவன் போல நின்றான். "திட்டு. திட்டினாத் தகும். போடத்தான் வந்தேன், பொய் சொல்லல. அண்ணன் சொன்னதும் வழக்கம் போலத் தலையாட்டிட்டு வண்டியை எடுத்துட்டேன். பேனாவையும் திறந்துட்டேன். அப்புறம் பெத்தவங்க பேருன்னு இருந்த இடத்துல உன் பேரை எழுதும்போது கை ஓடல."

சின்னவள் எட்டிப் படிவத்தைப் பார்த்தாள்.

"நீ வேண்டாம்னு சொன்னா இப்பவே பெட்டியைத் தூக்கி வண்டியில போட்டுடறேன். அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

"நீங்களா? அண்ணன்கிட்டயா?"

"ஆமா. நான்தான்."

இந்த வார்த்தைக்காக அவள் எட்டு வருடம் காத்திருந்தாள். வந்தேவிட்டது. மனசு துள்ளியது. படிவத்தை வாங்கிக் கிழித்துப் போடலாமா என்று தோன்றியது. முதலில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொள்வோம், மிச்சம் அப்புறம் என்று உள்ளே போனாள்.

பெரிய அறை. நீள மேஜையின் இரண்டு பக்கமும் பிள்ளைகள் மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். யாரும் தலை நிமிரவில்லை. கணுக்கால் வரை தொங்கும் ஒரு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை மண்ணோடு, துணுக்கு கோடியில் நின்றிருந்தாள். அவள் முன்னால் அவள் தலையளவுக்கு ஒரு மண் உருண்டை. இன்னும் அது எதுவாகவும் ஆகவில்லை. கட்டை விரலால் அழுத்துவதும், தள்ளி நின்று பார்ப்பதுமாக இருந்தாள்.

"துணுக்கு, கையைக் கழுவு. போகலாம்."

துணுக்கு திரும்பவில்லை. "நீங்க எல்லாரும் எப்பம்மா கிளம்புவீங்க?"

"நீயும்தான்டி வர்றே. ஸ்கூலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அதெல்லாம் முடிஞ்சுது. உன்னை விட்டுட்டு அம்மா போயிடுவேனா?"

"இது மண்ணும்மா" என்றாள் துணுக்கு. "செஞ்சு முடிச்சதும் சூளையில வைப்பாங்களாம். வெச்சு எடுத்துட்டா அப்புறம் கொதிக்கிற தண்ணி ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாதாம். டீச்சர்கிட்ட கேட்டேன்."

சின்னவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அது இல்லடி கண்ணு. உன்னை இங்க விடக் கூடாதுன்னுதான் அம்மா அப்போ..."

ஒரு செட்டுப் பல்லைக் கெடுப்பதற்காக நீ செய்ததை உருக விட்டேன் என்று எந்த அம்மா தன் மகளிடம் சொல்வாள்?

"நான் அம்மான்னு கூப்பிட்டேன்" என்றாள் துணுக்கு. கோபமாகச் சொல்லவில்லை. மண்ணை அழுத்திக்கொண்டே, நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "நீ சும்மா இருன்னுட்டே."

வாசலில் கணவன் பேனாவோடு நின்றுகொண்டிருந்தான், அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று.